சூலகத்துக்குள் ஒரு முதியவள்

உங்கள் மேசைக்கு ஒரு சூலகத்தின் வெட்டு வந்து சேரும்போது, உடன் வரும் சீட்டைப் படிக்கும் முன்னர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பிறகு, அப்பெண்ணுக்கு என்ன அகவை இருக்கும் என்று நீங்களாகவே ஒரு விடை சொல்லிக்கொள்ளுங்கள். சில மாதங்கள் பழகிவிட்டால் விடை பெரும்பாலும் தவறாது. முகத்தைப் பார்த்து அகவை சொல்பவர்கள் ஏமாறுவதுண்டு. தலைக்குச் சாயம் பூசிக்கொண்ட சூலகத்தை நான் கண்டதில்லை.

திருப்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் நெடுங்காலம் நோய்க்குறியியலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இவ்வட்டாரத்தில் அதே பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, என் பணிக்காலத்தில் நான் அஞ்சிய ஒரு சூலகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அஞ்சினேன் என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன். வியந்தேன் என்றோ குழம்பினேன் என்றோ எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அதற்கு முன், நீங்கள் பாடமாகப் படித்ததை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சினைப்பை என்று வெளியே வழங்கும் சூலகத்தின் புறணியில், அதாவது அதன் வெளி ஓரத்தில், நுண்ணறைகள் உறங்குகின்றன. ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு முட்டை. அதைச் சூழத் தட்டையான உயிரணுக்களின் ஒற்றை வரிசை. பெண் பிறக்கும்போதே இவை அனைத்தும் அவளுள் அமைந்துவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் அசைவின்றிக் கிடக்கும் இவற்றுள் சில, முழுதாக இன்னும் நமக்கு விளங்காத ஏதோ ஓர் அழைப்பைக் கேட்டு விழிக்கின்றன. விழித்ததன் தட்டையான உயிரணுக்கள் பருக்கின்றன, அடுக்கடுக்காகப் பெருகுகின்றன, முட்டையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு படலம் உருவாகிறது, நடுவே நீர் நிறைந்த குழி திறக்கிறது. அந்நிலையில் அது, நுண்ணோக்கியில் குனிந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கும் விழியைப் போலவே இருக்கும். விழித்தவற்றுள் ஒன்று வெளியேறும். ஏனையவை இருந்த இடத்திலேயே மடியும். வெளியேறிய இடம் முதலில் மஞ்சளாக வீங்கி, பின்னர் வெண்மையான தழும்பாக ஆறும். இளம்பெண்ணின் சூலகத்தில் விழிகள் மிகுதி, தழும்புகள் குறைவு. முதிர்ந்தவளின் சூலகத்தில் தழும்பின்மேல் தழும்பாக இருக்கும். விழி ஒன்றும் இராது.

இவ்வளவு தெரிந்தால் போதும்; நான் எதற்கு அஞ்சினேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அவளை எஸ்தர் என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ஓவர்லாக் எந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தவள். திருமணமாகி ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. வலப்புறச் சூலகத்தில் பெரிய நீர்க்கட்டி ஒன்று வளர்ந்து வலி தாங்காமல் போகவே, அறுவை மருத்துவர் அச்சூலகத்தை அகற்றி எங்களுக்கு அனுப்பியிருந்தார். இடப்புறச் சூலகம் நலமாக இருந்தது. அவளுக்கு இனி எஞ்சியிருப்பது அது ஒன்றே.

நான் வெளியூர் சென்று திரும்பிய காலை அது. என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் அதற்குள் அந்தச் சில்லைப் பார்த்திருந்தார். சில்லு என்று நான் சொல்வது, ஆய்வகத்தில் எல்லோரும் ஸ்லைடு என்று சொல்லும் கண்ணாடியைத்தான். பார்த்தவர் பதறிப்போய், அறிக்கையில் நான் கையொப்பமிடும் வரை காத்திராமல், அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் புற்றுநோய் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். நான் இருக்கையில் அமர்வதற்குள் அறுவை மருத்துவரின் அழைப்பு எனக்கு வந்தது.

“மேடம், நாளைக்குக் காலையில தியேட்டர் புக் பண்ணிட்டனுங்க. இன்னொரு ஓவரியையும் யூட்ரஸையும் எடுத்தர்றதுன்னு முடிவு. பொண்ணு அழுதுட்டுக் கெடக்குது. மாமியாரு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரிப்போர்ட் மட்டும் இன்னிக்குக் குடுத்துருங்க.”

“நான் இன்னும் பார்க்கவில்லை, டாக்டர்.”

“பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா நாளைக்கு நான் வெட்டறதுக்குள்ள சொல்லுங்க.”

பார்த்தேன்.

எங்கள் ஆய்வகம் ஒரு மாடியில் இருந்தது. அடுத்த கட்டடத்தில் வட்டப் பின்னல் எந்திரங்கள் பகலெல்லாம் ஓடும். அவற்றின் ரீங்காரம் சுவர் வழியே வந்து, மேசையில் உள்ள குவளை நீரை ஓயாமல் நடுங்க வைக்கும். பழகிவிட்டால் காதுக்குக் கேட்காது. அன்று கேட்டது.

சில்லின் பெரும்பகுதி எளிதாக இருந்தது. தீங்கற்ற நீர்க்கட்டியின் சுவர். அதன் ஓரமாக நசுங்கிய புறணி. புறணி நெடுக, மண்ணில் தூவிய விதைகளைப் போல உறங்கும் நுண்ணறைகள். ஆங்காங்கே விழித்தவை. நீர்க்குழியோடு ஒரு பெரிய விழி. இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள ஒரு பெண் என்று சீட்டைப் பாராமலே சொல்லியிருப்பேன். பிறகு சில்லை நகர்த்தினேன். மூலையில், மற்றவற்றோடு ஒட்டாமல், ஒரு சிறு துண்டு கிடந்தது. அதன்மேல் படர்ந்திருந்தது புற்றுநோய்தான். அதில் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை. என்னை நிறுத்தியது அந்நோய் அமர்ந்திருந்த தரை. அங்கே விழி ஒன்றுகூட இல்லை. வெண்தழும்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. குருதிக் குழாய்களின் சுவர்கள் தடித்து, கண்ணாடியாய் இறுகிப்போயிருந்தன. அறுபது அகவையைக் கடந்த ஒருத்தியின் சூலகம் அது. இளம்பெண்ணின் விழிகள் அத்தனையும் சூழ்ந்திருக்க, மூலையில் ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள்.

இத்தகைய அயல் துண்டுகளை நீங்களும் சந்திப்பீர்கள். மெழுகில் பதித்த திசுவை மெல்லிய ஏடாகச் சீவி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிடும்போது, முந்தைய நோயாளியின் துகள் ஒன்று அதில் மிதந்து இந்த ஏட்டின்மேல் ஏறிக்கொள்ளும். அதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் சோதனை எளியது. அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்போம். நீரில் வந்து ஏறியது என்றால் அடுத்த ஏட்டில் அது இராது. எங்கள் மூத்த ஆய்வகப் பணியாளர் பழனிச்சாமியிடம் ஆழமாகச் சீவித் தரச் சொன்னேன்.

அவர் கொண்டுவந்த முதற் சில்லில் அவள் இருந்தாள். அடுத்ததிலும் இருந்தாள். இன்னும் ஆழத்துக்குப் போகச் சொன்னேன். ஒவ்வொரு வெட்டிலும் சற்று இடம் மாறி, சற்றுப் பருத்து, தன் தழும்புகளோடும் தன் நோயோடும் அதே மூலையில் இருந்தாள். பழனிச்சாமி அடுத்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“ஏனுங்க டாக்டர், இது போவே மாட்டீங்குதுங்க.”

“ஆம்.”

“இன்னும் சீவட்டுங்களா? சீவச் சீவப் பெருசாத்தானுங்க வருது. எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க.”

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நீரில் மிதந்து வந்தவள் அல்லள் அவள். எஸ்தரின் சூலகத்தோடு சேர்ந்தே மெழுகுக்குள் புதைந்திருக்கிறாள். அப்படியானால் எஸ்தரின் உடலுக்குள்ளேயே இருந்தவளா? ஓர் அகவையுடைய சூலகத்தில் இன்னோர் அகவை குடியிருக்குமா? அந்தப் பெரிய விழியை மறுபடி பார்த்தேன். அது அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அச்சம் வரும்போது அறிக்கையை விரைந்து முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். எழுந்து நடங்கள், திரும்பி வந்து பாருங்கள்.

நண்பகல் கழிந்ததும் அறுவை மருத்துவர் நேரிலேயே வந்துவிட்டார். அவிநாசிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர், கை தேர்ந்தவர், நோயாளிகளிடம் கனிவானவர். இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில் எதிர் இருக்கையில் அமர வைத்து, அந்தத் துண்டைக் காட்டினேன்.

“இது அந்தப் பெண்ணுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நுண்ணறையே இல்லை, பாருங்கள்.”

“கேன்சர் தின்னுருக்கும்ங்க மேடம்.”

“தின்றிருக்கலாம். தின்ற இடத்தில் இத்தனை தழும்பு எப்படி வரும்? இது ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தழும்பு.”

“சரிங்க, ஃப்ளோட்டர்னே, தண்ணில மெதந்து வந்ததுன்னே வெச்சுக்குவோம். டீப்பர் கட்ல போச்சுங்களா?”

“போகவில்லை.”

அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார்.

“நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்து, நாளான்னிக்கு அது வயித்தெல்லாம் பரவி வந்து நின்னா, அந்தப் பொண்ணு ஊட்டுக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுங்களா?”

“இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, நாளை நீங்கள் எடுத்த சூலகத்தில் ஒன்றுமே இல்லை என்றால்?”

மரபணு ஒப்பீட்டுக்கு வெளியூருக்கு அனுப்பினால் இரண்டும் ஒருவருடையனவா என்று தெரிந்துவிடும்; ஆனால் அதற்கு நாள்கள் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். மாலை வரை அவகாசம் கேட்டேன். “சாயங்காலத்துக்கு மேல என்னால முடியாதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழையில்லை. இப்பணியில் நம்மை நெருக்குபவர்கள் பெரும்பாலும் தீயவர்களாக இருப்பதில்லை. நல்லவர்கள், நல்ல காரணத்துக்காக, நமக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த நேரத்தைத் தருவார்கள்.

இளம் மருத்துவரையும் பழனிச்சாமியையும் அழைத்து, எஸ்தரின் சூலகத்தில் ஜாடியில் எஞ்சியிருந்த பகுதியை ஒரு சிறு துணுக்கும் விடாமல் அறுத்துப் பார்க்கச் சொன்னேன். எங்கும் ஐயப்படத்தக்க எதுவும் தென்படவில்லை. அது எனக்குச் சாதகமான செய்திதான். எனினும், ஒன்றைக் காணாததைக் கொண்டு, கண்ட ஒன்றை மறுத்துவிட முடியாது. மீண்டும் அந்தத் துண்டிடமே சென்றேன். இம்முறை நோயைப் பார்க்கவில்லை. நோயைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

துண்டின் விளிம்பை ஒட்டி ஒரு கீற்று இருந்தது. கிளிப்பச்சை நிறம். நாம் திசுவுக்கு ஏற்றும் சாயங்கள் இளஞ்சிவப்பும் ஊதாவும் மட்டுமே. அவை இரண்டும் எப்படிக் கலந்தாலும் கிளிப்பச்சை பிறக்காது. அடுத்த சில்லை எடுத்தேன். அங்கும் அதே விளிம்பில் அதே பச்சை. அதற்கடுத்ததிலும் இருந்தது. அவள் எங்கெல்லாம் இருந்தாளோ அங்கெல்லாம் அந்தக் கீற்றும் உடன் இருந்தது. அறை விளக்கை அணைக்கச் சொல்லி, ஒளியை முனைவாக்கும் வடிகட்டிகளை நுண்ணோக்கியில் குறுக்காகப் பொருத்தினேன். எஸ்தரின் விழிகள் அத்தனையும் மறைந்தன. முதியவளும் மறைந்தாள். முழு இருளில், முறுக்கிய நாடாவைப் போன்ற ஓர் இழை மட்டும் தனியே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பருத்தி. இவ்வூரில் வாழ்பவருக்கு அதை அடையாளம் காட்ட வேறெவரும் வேண்டா. மருத்துவமனைத் துணியும் பருத்திதான். ஆனால் அதைக் கிளிப்பச்சையில் எவரும் தோய்ப்பதில்லை.

இருக்கையை விட்டு எழுந்து, திசுக்களை அறுக்கும் மேசைக்குச் சென்றேன். குழாயின் கழுத்தில், நாள்தோறும் என் கண்ணில் பட்டும் நான் கருதாத ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சைப் பனியன் துணி.

“பழனிச்சாமி, இது எங்கிருந்து வந்தது?”

“அதுங்களா? எங்க ஊட்டுக்காரி பனியன் கம்பெனில கட்டிங்ல இருக்குதில்லீங்க, வேஸ்ட் கொண்டாந்து குடுத்துச்சுங்க. கத்தி தொடைக்கறதுக்குங்க. கட்டுப்போடற காஸ் துணி வழுக்குமுங்க. இது நல்லா இழுக்குமுங்க.”

“ஒவ்வொரு நோயாளிக்கும் புதுத் துணி எடுப்பீர்களா?”

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அலசி அலசிக் காயப்போட்டுக்குவனுங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு அவரைக் குறைவாக எண்ண வேண்டா. இவ்வூரில் ஈருருளியைத் துடைப்பதும், அடுப்பு மேடையைத் துடைப்பதும், குழந்தையின் மூக்கைத் துடைப்பதும் பனியன் கழிவுத் துணியால்தான். அது வீட்டுக்கு வீடு மூட்டையாகக் கிடக்கும். வேறு ஊரில் இந்தப் பிழை நேர்ந்திருக்க வழியில்லை. நெய்த துணியாக இருந்திருந்தால் துண்டு வழுக்கி விழுந்திருக்கும். பின்னல் துணியோ முழுதும் கண்ணிகளால் ஆனது. இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் திறக்கும், விட்டால் மூடும். ஒருவருடைய துண்டு அதில் சிக்கி, அடுத்தவருக்காகக் கத்தியைத் துடைக்கையில் இழையோடு கழன்று, அவர் திசுவோடு சேர்ந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அத்துணியைப் பார்த்தேன். கண்ணிகளுக்குள் அலசியும் போகாத துகள்கள் சிக்கிக் கிடந்தன. யார் யாருடையவை என்று எவராலும் சொல்ல முடியாத துகள்கள். அதைக் குழாயிலிருந்து எடுக்க எங்களுள் எவருக்கும் கை வரவில்லை. இறுதியில் இளம் மருத்துவர் இடுக்கியால் பற்றி எடுத்து மூடியிட்ட ஜாடியில் போட்டார்.

இப்போது கேள்வி திரும்பி நின்றது. இவள் எஸ்தர் அல்லள் என்றால், யார்?

“எஸ்தருடைய ஜாடிக்கு முன்பு எதை அறுத்தீர்கள்?”

“பல்லடத்து ஆத்தாளோட கர்ப்பப்பையும் ஓவரியுமுங்க. அடி எறங்கிப் போச்சுன்னு எடுத்தாங்கல்லீங்க, கோழிப்பண்ணக்காரங்க.”

அம்மூதாட்டியின் சில்லுகள் என் மேசையிலேயே கையொப்பத்துக்குக் காத்திருந்தன. எடுத்துப் பார்த்தேன். கருப்பை தூய்மை, சூலகத்திலிருந்து எடுத்த வெட்டும் தூய்மை. தழும்புகள் மட்டும் தெரிந்தன. அத்தழும்புகளை எனக்கு அடையாளம் தெரிந்தது என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. ஆனால் அடையாளம் தெரிந்தது. நோயை எவரும் எதிர்பாராத உறுப்பு என்பதால் வழக்கப்படி சூலகத்துக்கு ஒரு வெட்டே எடுத்திருந்தார்கள். எஞ்சியது ஜாடியில் இருந்தது. அதை மேசையில் வைத்துத் தாளைப் போல மெலிதாக அறுக்கத் தொடங்கினோம். சுவருக்கு அப்பால் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சூலகத்தின் புறப்பரப்பில், கருக்குழாயின் நுனி அதைத் தொடும் இடத்தில், கத்தி ஓர் அரிசிக் குறுணையின்மேல் இடறியது போல நின்றது. வெண்மையான, கடினமான ஒரு புள்ளி. அதன் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

அதன்மேல் ஒரு கண்ணாடியை அழுத்தி அச்செடுத்து, விரைவுச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். எஸ்தரின் மூலையில் கண்ட அதே முகம்.

அறுவை மருத்துவரை அழைத்தேன். “எஸ்தருக்குப் புற்றுநோய் இல்லை. நாளைய அறுவையை நிறுத்துங்கள். அந்தத் துண்டு வேறொருவருடையது. யாருடையது என்றும் தெரியும். அவரும் உங்கள் நோயாளிதான்.”

“யாருங்க?” என்றார். சொன்னேன். “அந்தம்மா நல்லாயிட்டன்னு சிரிச்சுட்டு ஊட்டுக்குப் போனாங்கங்க மேடம்” என்றார்.

மூதாட்டிக்கு உடனே மருத்துவம் தொடங்கியது. நோய் சிறியதாக இருந்தபோதே பிடித்துவிட்டோம். மரபணு ஒப்பீடும் பின்னர் எங்கள் முடிவை உறுதிசெய்தது. அன்றோடு எங்கள் மேசையில் ஒருமுறை துடைத்து எறியும் தாள் வந்தது. நிகழ்ச்சி இத்துடன் முடிந்திருந்தால் ஆய்வக ஒழுங்கு பற்றிய ஓர் அறிவுரையாக இதைச் சொல்லி நிறுத்தியிருப்பேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் எஸ்தரும் அவள் மாமியாரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் பெற்றுச் செல்ல வந்திருப்பதாகப் பழனிச்சாமி சொன்னார். எதற்கு என்று கேட்க அவர்களை என் அறைக்கு அழைத்தேன். எஸ்தர் மெலிந்திருந்தாள். தாலிச் சரட்டில் கோத்த சிறு சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். மாமியாரே பேசினார்.

“வேற ஆசுவத்திரியில கேட்டிருக்கோம் டாக்டரம்மா. அந்த இன்னொன்னையும் எடுத்துத் தாரேன்னு சொல்லுதாவ. சிலேடு கொண்டாங்கன்னாவ.”

“எதற்கு எடுக்க வேண்டும்? அவளுக்கு நோயில்லை என்று டாக்டர் சொல்லவில்லையா?”

“சொன்னாவ. ஒனக்கு ஒண்ணுமில்ல, ஒன் ஓவரிக்குள்ள வேற ஒரு வயசான அம்மாவோட துண்டு இருந்துச்சு, அதுலதான் கேன்சர்னு சொன்னாவ.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வேற ஒருத்தி எப்படி டாக்டரம்மா இவ வயித்துக்குள்ள வருவா? ஒரு பக்கம் இருந்தவ மறுபக்கம் இருக்க மாட்டாளா? செபம் பண்ணியும் பாத்தாச்சு. ராத்திரியில இவ முனங்குதா.”

“நான் முனங்கல, அத்தை” என்றாள் எஸ்தர். பிறகு என்னிடம், “தையல் லைன்ல எல்லாவளும் கேக்காளுவ டாக்டர். ‘ஏட்டி, கெழவி இன்னிக்கு என்ன சாப்பிட்டா’ன்னு. சூப்பர்வைசர்கூடச் சிரிக்கான்.”

“அவர்?” என்றேன், அவள் கணவனைக் குறித்து.

“அவிய ரூம்புக்கு வெளிய படுக்காவ.”

அறுவை மருத்துவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. அந்த உண்மையே இப்போது எஸ்தரின் இடப்புறச் சூலகத்தின்மேல் கத்தியாகத் தொங்கியது. அறிக்கையில் நாம் ‘சில்லில் காணப்படுகிறது’ என்று எழுதுகிறோம். கேட்பவர் அதை ‘உடலில் இருக்கிறது’ என்றே கேட்கிறார். இடையில் ஒரு ஜாடியும் ஒரு மேசையும் ஒரு கத்தியும் உண்டு என்பது நம்முள் புழங்கும் செய்தி. வெளியே எவருக்கும் தெரியாது. சில்லுகளைத் தர மறுக்க எனக்கு உரிமையில்லை. எடுத்துச் சென்றால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

சில்லை எடுத்து, இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில் வைத்தேன். எஸ்தரை எதிரே அமரச் சொன்னேன். முதலில் புறணியைக் காட்டினேன்.

“இவை உங்களுடையவை.”

அவள் குனிந்தாள். “கண்ணாட்டம் இருக்கு.”

“முட்டைகள். பிறந்த நாளிலிருந்து உங்களிடம் உறங்குபவை. இதே போன்றவை உங்கள் இடப்புறத்திலும் இருக்கின்றன.”

“ஒண்ணு முழிச்சுக்கிட்டு என்னையவே பாக்கு.”

“ஆம். எல்லோரையும் அது அப்படித்தான் பார்க்கும்.”

சில்லை மெல்ல நகர்த்தினேன். மூலை வந்தது. அவள் முகத்தை எடுக்கவில்லை.

“இவுகளா?”

“இவர்தான்.”

“கண்ணே இல்ல.”

“முதியவர். அவருடையவை எல்லாம் தழும்புகள். இந்தப் பச்சை இழையைப் பாருங்கள். இது என்ன?”

அவள் பார்த்தாள். ஓவர்லாக் எந்திரத்தின் முன் ஆண்டுகளைக் கழித்தவளுக்குக் கேள்வியே வியப்பாக இருந்திருக்கும். “நூலு. பனியன் நூலு.”

“உங்கள் வயிற்றுக்குள் பனியன் நூல் இருந்ததா?”

அவள் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். இருவரையும் அறுக்கும் மேசைக்கு அழைத்துச் சென்றேன். “உங்கள் சூலகம் இந்த ஜாடியில் வந்தது. அப்போது நீங்கள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தீர்கள். உங்களுக்கு முன் வேறொருவருடையது இந்தப் பலகையில் கிடந்தது. இந்தக் குழாயில் ஒரு துணி தொங்கியது. அந்தத் துணியிலிருந்துதான் அவர் உங்கள் துண்டோடு சேர்ந்தார்” என்று ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொன்னேன். பழனிச்சாமி வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துணியைப் பற்றி நான் சொன்னபோது, “என்ற கைதானுங்க அது, கண்ணு” என்றார்.

எஸ்தர் எல்லாவற்றையும் பார்த்தாள். “அப்பம் நான் இல்லாத நேரத்துல வந்திருக்காவ” என்றாள்.

“ஆம்.”

“அப்பம் எனக்குள்ள இருக்கது நான் மட்டுந்தான்.”

“நீங்கள் மட்டும்தான்.”

மாமியார் நுண்ணோக்கியிடம் திரும்பிப் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் சில்லை நகர்த்த முன்வந்தபோது கையால் தடுத்தார். நெடுநேரம் பார்த்தார், அடுத்த கட்டடத்து எந்திரம் ஒன்று நின்று மறுபடி ஓடத் தொடங்கும் வரை பார்த்தார்.

“உசுரோட இருக்காவளா?” என்றார் முகத்தை எடுக்காமலே.

“இருக்கிறார். மருத்துவம் நடக்கிறது.”

அவர் நிமிர்ந்தார். அறுக்கும் மேசையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், ஜாடிகள் அடுக்கிய அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மருமகளின் கைப்பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வாட்டி. பஸ்ஸு போயிரும்.”

“சிலைடு வேண்டாமுங்களா?” என்று பழனிச்சாமி உறையை நீட்டினார்.

“வேண்டாம். அவிய இங்கனயே இருக்கட்டும்.”

எஸ்தரின் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். வேறு மருத்துவமனைக்கு அவர்கள் போகவில்லை என்று அறுவை மருத்துவர் பின்னர் சொன்னார். அந்த அம்மையாரின் நம்பிக்கையை நான் நீக்கிவிட்டதாகக் கருதவில்லை. அவர் முதியவளை மருமகளின் வயிற்றிலிருந்து எடுத்து எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போனார். இடப்புறச் சூலகம் தப்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் போன பிறகு நுண்ணோக்கியின் விளக்கை அணைக்கச் சென்றேன். சில்லு அவர் விட்ட இடத்திலேயே இருந்தது. குனிந்து பார்த்தேன். நுண்ணோக்கியை விட்டு எழுந்ததும், எங்கள் அறையில் எவரோ புதிதாக வந்து அமர்ந்திருப்பதைப் போல நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.